மூன்று ஊரில் காவல் இருந்த மஞ்சள் தாள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பச்சையம்மா என்பது ஆபீஸ் வைத்த பெயர். எந்தப் புண்ணியவான் முதலில் கூப்பிட்டானோ தெரியாது, வாசல் காவலாளி முதல் தலைமை நூலகர் வரை எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் பழைய பெயர் உயிரோடு இருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் கணினியில் பச்சை அடையாளம் போடாமல் அந்த இடத்தில் ஒரு பக்கம்கூடப் பெட்டிக்குள் போகாது.

அந்த இடம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளம். ஜன்னல் என்கிற பேச்சே இல்லாத நீள அறை. இயந்திரங்களுக்குச் சூடு ஆகாது என்று வருஷம் முழுக்கக் குளிரூட்டி ஓடும், மனுஷர்கள் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஆராய்ச்சி இதழ்களைக் கணினியில் ஏற்றிக் காலத்துக்கும் காப்பாற்றும் பிரிவு அது. கடையில் தொங்குகிற வார இதழ் என்று நினைத்துவிட வேண்டாம். மண், தண்ணீர், பூச்சி, எலும்பு என்று ஏதோ ஒன்றின் பின்னால் ஒருவர் பல வருஷம் வெயிலில் அலைந்து, கண்டதைப் பத்துப் பக்கத்தில் எழுதிப் போடுவாரே, அந்த இதழ். படிக்கிறவர்கள் நாலு பேர்தான் இருப்பார்கள். அந்த நாலு பேருக்கு அது கிடைக்காவிட்டால் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும்.

காப்பாற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. பழைய இதழின் முதுகை வெட்டித் தாள் தாளாகப் பிரிப்பார்கள். அந்தக் கட்டை ஸ்கேனர் வாயில் கொடுத்தால் சரசரவென்று படமாக்கிவிடும். அந்தப் படங்கள் மூன்று வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கணினிகளுக்குப் போகும், இந்தச் சேமிப்பைத்தான் அங்கே பெட்டி என்பார்கள். ஓர் ஊரில் தீப்பிடித்து இன்னொன்றில் வெள்ளம் வந்தாலும் மூன்றாவது இருக்குமில்லையா, அதற்காக. வாரா வாரம் அந்த மூன்றும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும், உன்னிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒன்றுதானா என்று. ஒரே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். இத்தனை காவல் போட்டும் யாரும் திறந்து படிக்க முடியாது, அதுதான் கூத்து. இதழை வெளியிடும் பதிப்பகம் நடந்துகொண்டிருக்கும் வரை பெட்டிக்குப் பூட்டு. பதிப்பகம் மூடி, அதன் இணையதளமும் மறைந்துபோனால்தான் பூட்டைத் திறப்பார்கள்.

"அப்போ யாராவது எப்போடா போய்ச் சேருவாங்கன்னு உட்கார்ந்திருக்கிற ஆபீஸா உன்னோடது?" என்று அவள் கணவன் கேட்பான். அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்து, இது தெரிகிறதா அது தெரிகிறதா என்று கேட்பது அவன் பிழைப்பு. "ஊர்ல எல்லாரையும் நான் சோதிக்கிறேன். வீட்டுக்கு வந்தா என்னைச் சோதிக்க இவ இருக்கா" என்று சொல்லிச் சிரிப்பான்.

அதில் பொய் இல்லை. கேஸ் அடுப்பை மூடிவிட்டு இரண்டு அடி நடந்து திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். கதவைப் பூட்டிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கிய பிறகு மறுபடி ஏறிப்போய் இன்னொரு தரம் இழுப்பாள். "பூட்டு கையோட வந்துடப் போகுதும்மா, பாவம், அதை விட்டுடு" என்று கீழே நின்று கத்துவான் கணவன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். தன் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்பதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. அந்தக் கர்வம்தான் அவளைக் கவிழ்த்தது.

கணவனுக்கு ஓர் அக்கா. பச்சையம்மாவுக்கு நாத்தனார் முறை, அண்ணி என்று கூப்பிடுவாள். நாத்தனார் என்றதும் சண்டைக்காரி என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், இருவருக்கும் அவ்வளவு ஒட்டுதல். நாத்தனார் ஒரு மண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். கடலோர வயல்களில் இருந்த கிணறுகளுக்கெல்லாம் மொபெட்டில் போய், பருவத்துக்குப் பருவம் தண்ணீரை மொண்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்தவர். மூஞ்சி கறுத்து, முட்டி தேய்ந்து, பல வருஷ உழைப்பு ஒரே ஒரு கட்டுரையாக ஓர் இதழில் வந்தது. அதன் நடுவில் ஒரு மடிப்புத் தாள். நாலாக மடித்து வைத்துத் தைத்தது. விரித்தால் மேஜையே மறையும். எல்லாக் கிணறும், எல்லாப் பருவமும், அவர் கையாலேயே கோடு போட்டு எழுதியதை அப்படியே அச்சடித்திருந்தார்கள்.

அந்த இதழ் வந்த நேரத்தில்தான் அவர்கள் அம்மாவுக்கு மறதி நோய் முற்றியது. நாத்தனார் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பெற்ற மகளையே நர்ஸ் என்று கூப்பிட்டாள் அந்த அம்மா. அம்மா போன பிறகு நாத்தனாருக்கு மனதில் ஒரு பயம் குடியேறிவிட்டது. மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினால்கூட முகம் வெளுத்துவிடும். "எனக்கும் வந்துடுச்சோ?" என்பார். "அண்ணி, உங்க தம்பி தினமும் வண்டிச் சாவியைத் தேடறார். அவருக்கு வந்ததுக்கு அப்புறம் நாம பயப்படலாம்" என்று பச்சையம்மா சமாளிப்பாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த இதழின் எல்லா வருஷத்துப் பிரதிகளும் பச்சையம்மாவின் மேஜைக்கு வந்தன. நூலகத்தின் வரிசையில் ஒரே ஓர் இதழ் குறைந்தது. எது என்று பார்த்தால் நாத்தனாருடைய கட்டுரை வந்த இதழ். துள்ளிக் குதித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"என்கிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதாம்மா" என்று நாத்தனார் தயங்கினார்.

"உங்ககிட்ட இருந்தா ஒரு காப்பி. எங்ககிட்ட வந்தா மூணு காப்பி அண்ணி. அதுவும் மூணு ஊர்ல."

"வெட்டிடுவீங்களாமே?"

"வெட்டினாத்தான் ஸ்கேனர்ல போகும். தாள் போனா என்ன அண்ணி, உள்ள இருக்கிறது போகாது. நான் சரிபார்க்காம அங்க எதுவும் உள்ள போனதா சரித்திரமே இல்ல. என்மேல நம்பிக்கை இல்லையா?"

அந்தக் கேள்விக்கு யார் இல்லை என்று சொல்வார்கள்? இதழை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த இதழை நடத்திய பதிப்பகம் போன வருஷம் மூடிவிட்டது. இணையதள முகவரியைத் தட்டினால் யாரோ செருப்பு விற்றுக்கொண்டிருந்தான். அடித்தளத்தில் ஒரே கொண்டாட்டம். அடுத்தவன் கடை மூடியதற்குக் கொண்டாட்டமா என்று கேட்காதீர்கள், அவர்கள் பிழைப்பு அப்படி. பிரிவு தொடங்கிய நாளிலிருந்து ஒரு பெட்டியைக்கூடத் திறந்ததில்லை, இதுதான் முதல் தடவை. பிரிவின் தலைவி கேக் வாங்கி வரச் சொன்னார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அவர் லேசில் சிரிக்கிறவர் இல்லை. அன்று சிரித்தார். "இதுக்குத்தானே நாம இருக்கோம்!" என்றார்.

அதே வாரம் நாத்தனாருக்கு ஒரு போன். குடிநீர்த் துறைப் பொறியாளர் ஒருவர். கடலோரத்தில் புதிதாக எழும்பும் குடியிருப்புக்குக் கிணறு தோண்டப் போகிறார்கள், எந்தப் பக்கம் தோண்டினால் நல்ல தண்ணீர் நிற்கும் என்று தெரிய வேண்டும், பழைய உப்பு அளவுகள் கிடைத்தால் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம், அந்த அளவுகளை எடுத்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்றார். நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் தம்பி பொண்டாட்டி ஆபீஸ்ல பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, முடியைப் படிய வாரிக்கொண்டு, தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு வந்து நின்றார்.

பெரிய திரையில் திறந்தார்கள். கட்டுரைத் தலைப்பு வந்தது. கீழே நாத்தனாரின் பெயர். அவர் கிட்டே போய் அந்தப் பெயரை விரலால் ஒரு தரம் தொட்டார். யாரோ கை தட்டினார்கள். பச்சையம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கங்கள் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. முழு விவரம் எதிரே உள்ள மடிப்புத் தாளில் என்று ஒரு பக்கம் சொன்னது. அடுத்த பக்கம் வந்தது.

மஞ்சள். ஓர் எழுத்து, ஒரு கோடு இல்லை. திரை முழுக்க வெறும் மஞ்சள்.

"இது என்னது?" என்றார் நாத்தனார்.

அங்கே வேலை பார்க்கும் யாருக்கும் அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மடிப்புத் தாள் ஸ்கேனரில் போகாது, நடுவில் சிக்கிக் கிழிந்துவிடும். அதனால் அதை உருவித் தனியாக ஒரு தட்டில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் தாளைச் செருகுவார்கள். கட்டு முழுக்கப் படமான பிறகு, மடிப்புத் தாளைப் பெரிய ஸ்கேனரில் விரித்துப் படமெடுத்து, மஞ்சளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தாயிற்றா என்று பார்த்துப் பச்சை போடுவதுதான் பச்சையம்மாவின் வேலை.

அவளுக்கு அந்த நாள் கண்முன் வந்து நின்றது. நாத்தனாருடைய இதழ் என்பதால் மடிப்புத் தாளை அவளே உருவித் தட்டில் வைத்திருந்தாள். வருஷக் கடைசி. பழைய தாள் ஏற்றும் லாரி பின்வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாய்ப் புரட்ட நேரமில்லை. முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், மூன்று பிரதியும் ஒன்றுதானா என்று இயந்திரத்தைக் கேட்டாள். ஒன்றுதான் என்றது. பச்சை, பச்சை, பச்சை என்று தட்டிவிட்டாள். தட்டில் இருந்தது வெட்டிய தாளோடு லாரியில் ஏறியிருக்கிறது. இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. ஒரு வெற்று மஞ்சள் தாளை மூன்று ஊரில் வைத்து, ஒரு புள்ளி மாறாமல், வாரா வாரம் சரிபார்த்துக் காப்பாற்றியிருக்கிறது.

மேடத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "இதழ்லயே அப்படித்தான் இருந்திருக்கும்மா. சிலதுல நடுவுல கலர் தாள் வச்சுத் தைச்சிருப்பாங்க."

"அப்போ என்னோட மடிப்புத் தாள்?"

"அச்சகத்துல சேர்க்க மறந்திருப்பாங்க. அப்போல்லாம் இது சகஜம்தான்."

"இல்லையே..." நாத்தனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் விரிச்சுப் பார்த்திருக்கேனே. அம்மா கட்டில் மேல விரிச்சேன். அம்மா விரலை வச்சுக்கிட்டே போய், 'இவ்வளவும் என் பொண்ணு எழுதினதா'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் அவ என்னைப் பொண்ணுன்னு சொன்னதே இல்ல."

மேடம் மெல்லத் திரும்பினார். "சரிபார்த்தது பச்சையம்மாதான். மூணு காப்பியும் ஒண்ணாதானே இருக்கு பச்சையம்மா?"

கேள்வியைப் பாருங்கள். எவ்வளவு நயமாக வைத்தார்! அதற்கு ஆமாம் என்றால் பொய்யே இல்லை.

"ஆமா மேடம். மூணும் ஒண்ணாதான் இருக்கு."

நாத்தனார் அவள் பக்கம் திரும்பினார். "நீயே பார்த்தியாம்மா?"

சுற்றிலும் கேக்குத் தட்டும் கையுமாக நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"பார்த்தேன் அண்ணி."

"அப்போ எனக்குத்தான் தப்பா ஞாபகம்" என்றார் நாத்தனார். கைப்பையைத் தேடினார். பை அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அடுத்த மாசம் தணிக்கைக்கு வெளியிலிருந்து வராங்க. ஒரு மஞ்சள் தெரிஞ்சா எல்லாத்தையும் கிளறுவாங்க. உன் வேலை மட்டும் இல்ல, இங்க இருக்கிற அத்தனை பேரோட வேலையும் இதுல தொங்குது. வயசானவங்க, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றார். மறந்துடுவாங்க என்ற வார்த்தை பச்சையம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வேறு எங்காவது அந்த இதழ் தாளாகக் கிடைத்தால் யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அந்த இதழ் வாங்கிய நூலகங்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். கடைசியாகப் பேசிய நூலகர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எங்ககிட்ட இருந்துச்சுங்க. அலமாரியில இடம் பத்தல. உங்க பச்சை வந்துடுச்சுன்னு பார்த்ததும் தைரியமா எடைக்குப் போட்டுட்டோம். நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை!" அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஒருத்தி அவசரத்தில் தட்டிய பச்சையை நம்பி, நாலு ஊரில் நாலு அலமாரியைக் காலி செய்திருக்கிறார்கள்.

நாத்தனார் மறக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒரு நாள் கணவன் வேலை முடிந்து வந்து, வாசலை ஒட்டிய ஆணியில் ஒரு சாவியை மாட்டினான். "அக்கா கார் சாவி. இனிமே ஓட்ட மாட்டாளாம். எங்கயாவது போய்த் திரும்பி வர வழி தெரியலன்னா என்ன பண்றதுன்னு கேக்கறா" என்றான். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இல்லாததை இருந்துச்சுன்னு சொல்லுவா."

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்தது. அவள் எழுந்துபோய் அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து வெளியே போகும்போதும் வரும்போதும் அந்தச் சாவி கண்ணில் பட்டது. சாப்பாடு இறங்கவில்லை. கணவன் சிரிப்புக் காட்டினால் எரிந்து விழுந்தாள். பொறியாளரிடம் நாத்தனார் என்ன சொன்னார் என்பது வேறு தெரியவந்தது. "அப்படி ஒரு அளவு நான் எடுத்தேனான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. என்னை நம்பி எதுவும் தோண்டிடாதீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாராம். பல வருஷ வெயிலை ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டார். துடைக்க வைத்தது யார்? தான்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த நாளும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய்ப் பச்சை தட்டினாள். நான் யாருக்கும் வக்காலத்து வாங்குகிறவன் இல்லை, ஆனால் அந்த நாட்களில் அவள் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

நாத்தனாருக்காக மறதி நோய் மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. கணவனுக்குக் கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. "நீ கூட்டிட்டுப் போயேன். உன்கிட்டன்னா அக்கா தைரியமா இருப்பா" என்றான். என்ன பொருத்தம் பாருங்கள்.

காலையிலேயே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. சமையலறையில் டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருந்தது. உப்பு, சர்க்கரை, டீத்தூள். குழாய்க்கு மேலே 'மூடு' என்று ஒரு சீட்டு. அடுப்புக்குப் பக்கத்தில் 'அணைத்தாயா?' என்று ஒன்று. எல்லாம் அந்த அழகான, கோடு போட்ட மாதிரி எழுத்து. நாத்தனார் புறப்பட்டுத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. டாக்டர் மாசத்தைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுவாராம். அம்மாவையும் அப்படித்தான் கேட்டாங்க, அவளுக்கு வரல. நான் சொல்றேன், நீ சரியா இருக்கான்னு பாரு. சரிபார்க்கிறதுல உன்னை மாதிரி யாரு?"

டிசம்பரில் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, ஒன்றுகூட இடறாமல் ஜனவரி வரைக்கும் வந்துவிட்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார். "சரியா?"

பச்சையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி அண்ணி. எல்லாம் சரி. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்... நான் பாவி அண்ணி."

"என்ன உளர்ற?"

"அந்தத் தாள் இருந்துச்சு. நாலா மடிச்சு, நடுவுல தைச்சு. என் கையாலதான் உருவி எடுத்தேன். எடுத்த இடத்துல மஞ்சள் தாளை வச்சேன். படம் எடுக்க மறந்துட்டு லாரியில ஏத்திட்டேன். நீங்க பார்த்த மஞ்சள், நான் வச்சது."

"மடிச்சது நாலாவா?" என்றார் நாத்தனார்.

"ஆமா அண்ணி."

"அப்போ அம்மா பார்த்தது நிஜம்."

"நிஜம் அண்ணி."

"விரலை வச்சுக்கிட்டே போனாளே, அதுவும்?"

"எல்லாம் நிஜம்."

நாத்தனார் சிரித்தார். சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. எழுந்து போய் குழாய்க்கு மேலே இருந்த சீட்டைப் பிய்த்தார். அடுப்புப் பக்கம் இருந்ததைப் பிய்த்தார். உப்பு டப்பா, சர்க்கரை டப்பா என்று ஒவ்வொன்றாகக் கிழித்துக் கசக்கிப் போட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல! ஒண்ணும் இல்லடி எனக்கு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பச்சையம்மாவுக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசானது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் நின்றுவிட்டார்.

"அன்னைக்கு நான் உன் முகத்தைப் பார்த்துத்தானே கேட்டேன்?"

பச்சையம்மா கீழே கிடந்த கசங்கிய சீட்டு ஒன்றைப் பொறுக்கினாள்.

"தாள் போனது கைதவறு. யாருக்கும் நடக்கும். எத்தனை தடவை நான் அளவு பாட்டிலை வரப்புல போட்டு உடைச்சிருக்கேன். அது இல்ல. என் புத்தி கெட்டுப்போச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டுப் போறேன், நீ பார்த்துக்கிட்டு நின்னியே. அம்மாவை நான் எப்படிப் பார்த்தேன்னு தெரிஞ்சவ நீ. எப்படிம்மா மனசு வந்தது?"

"பயம் அண்ணி. வேலை போயிடும்னு..."

"எனக்கு இத்தனை நாளா எது போயிடும்னு பயம்னு உனக்குத் தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். நாத்தனார் அவளைத் தேற்றவில்லை. போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார். "அளவு எடுத்தது உண்மைதான். எழுதின தாள் தொலைஞ்சு போச்சு" என்றார். ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லுங்களேன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "மாட்டேன். ஞாபகத்துலேர்ந்து சொன்னா அது அளவு இல்ல. எந்தெந்தக் கிணறுன்னு வந்து காட்டறேன். புதுசா அளங்க. பழசோட ஒப்பிட முடியாது, அது போனது போனதுதான்." போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என் கார் சாவி எங்க?"

"எங்க வீட்டு ஆணியில."

"எடுத்துட்டு வா. அப்புறம் ஆபீஸுக்குப் போ. நடந்ததை எழுது. உன் பேர் போட்டு எழுது. தாளைத் தொலைச்சதை மட்டும் இல்ல, நான் கேட்டப்போ நீ சொன்னதையும் எழுது."

அந்தப் பெட்டியில் எந்தப் பக்கத்தோடும் ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். சேர்த்தால் அதுவும் மூன்று ஊருக்கும் போகும், அதையும் யாராலும் அழிக்க முடியாது. பச்சையம்மா அதை எழுதினாள். இங்கே ஒரு மடிப்புத் தாள் இருந்தது, அதைப் படமெடுக்காமல் விட்டது நான், கட்டுரை எழுதியவர் நேரில் கேட்டபோது எல்லாம் சரி என்று சொன்னதும் நான் என்று எழுதினாள். மேடம் கேட்டதையும் ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு அழித்தாள். பதில் சொன்னது தன் வாய்தானே. கீழே தன் பெயரைப் போட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயரை. அனுப்பிவிட்டுத்தான் மேடத்திடம் போய்ச் சொன்னாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் படித்தார். தன் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடியிருப்பார். "அனுப்பிட்டியா?" என்றார்.

"அனுப்பிட்டேன் மேடம்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். தணிக்கைக்காரர்கள் வந்தார்கள், கிளறினார்கள். பச்சையம்மா தட்டிய பச்சை அத்தனையும் சிவப்பானது. ஒவ்வொரு கட்டையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். இன்னும் சில மஞ்சள்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கோடு போட்டு எழுதியது. வேலை போகவில்லை, சரிபார்க்கும் வேலை மட்டும் கை மாறியது. அவளை இதழ்களை வெட்டும் மேஜையில் உட்கார வைத்தார்கள். இப்போது பச்சையம்மா என்று யாரும் கூப்பிடுவதில்லை. குறிப்பில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதுவும் மெதுவாக.

கணவன் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினான். அவனால் அதற்கு மேல் முடியாது. நாத்தனார் பொறியாளரோடு போய்க் கிணறுகளைக் காட்டிவிட்டு வந்தார். பாதிக் கிணறுகள் தூர்ந்து கிடந்தனவாம். தம்பி வீட்டுக்கும் பழையபடி வர ஆரம்பித்தார். சிரித்துப் பேசினார், டீ கேட்டு வாங்கிக் குடித்தார். பழைய கதையை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக எங்கோ கிளம்பினார்கள். நாத்தனாரின் கார் கீழே நின்றது. அவள் கதவைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், படி இறங்கி வந்தாள். பழக்கம் விடவில்லை, மறுபடி ஏறிப்போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். கணவன் வழக்கம்போல ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தான்.

"பூட்டினியாம்மா?" என்றார் நாத்தனார்.

"பூட்டிட்டேன் அண்ணி. ரெண்டு தடவை பார்த்தேன்."

நாத்தனார் தலையாட்டினார். பிறகு கைப்பையைக் கார் மேல் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிப்போய் பூட்டை இழுத்துப் பார்த்தார். கணவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். பூட்டு நன்றாகத்தான் பூட்டியிருந்தது. நாத்தனார் இறங்கி வந்து வண்டியை எடுத்தார். அவள் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.